முப்பது நாள் முன்னறிவிப்பு: அமெரிக்கத் தலைமை ஆய்வாளர் சட்டமும் அதன் ஓட்டையும்

1997ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அமெரிக்க வேளாண் அமைச்சர் டான் கிளிக்மனிடம் ஓர் அறிக்கை அளிக்கப்பட்டது. கடன் கேட்டுப் போன இடத்தில் நிறத்தைக் காரணமாகக் கொண்டு தாங்கள் ஒதுக்கப்பட்டதாகக் கறுப்பின விவசாயிகள் எழுதிக் கொடுத்த புகார்கள் விசாரிக்கப்படாமலும் தீர்க்கப்படாமலும் குவிந்து கிடக்கின்றன என்றும், புகார்களைக் கையாளும் முறையில் நேர்மையோ திசையோ பொறுப்புடைமையோ இல்லை என்றும் அந்த அறிக்கை கூறியது. அதை எழுதியது விவசாயிகள் சங்கமோ எதிர்க்கட்சியோ அன்று. அதே அமைச்சகத்தின் கட்டடத்துக்குள், அதே அமைச்சகத்தின் ஊதியம் பெற்றுக்கொண்டு இயங்கிய தலைமை ஆய்வாளர் அலுவலகம் எழுதியது.

புகார் மனுவுக்கு ஒப்புகைச் சீட்டுக்கூடக் கிடைக்காமல் திரும்பிய அனுபவம் நம்மில் பலருக்கு உண்டு. பஞ்சமி நிலக் கோப்போடு வட்டாட்சியர் அலுவலகப் படிகளை ஏறி இறங்கியவர்களுக்கு அந்த விவசாயிகளின் கதையை விளக்க வேண்டியதில்லை. 1920இல் அமெரிக்காவில் கறுப்பினத்தவர் நடத்திய பண்ணைகள் 9,25,000. நூற்றாண்டின் இறுதியில் எஞ்சியவை 18,000க்கும் குறைவு. கடன் கொடுப்பதா வேண்டாமா என்பதை முடிவு செய்தவை உள்ளூர் விவசாயிகளால் தேர்ந்தெடுக்கப்பட்ட மாவட்டக் குழுக்கள். கறுப்பின விவசாயிகள் மிகுதியாக வாழ்ந்த தென்கிழக்கு மாநிலங்களிலேயே அக்குழுக்களில் கறுப்பினத்தவர் நூற்றுக்கு ஒருவர் என்ற அளவில்தான் இருந்தனர். விதைப்புக் காலத்துக்கு வேண்டிய கடன் அறுவடைக்குப் பின் வந்தால் நிலம் ஏலத்துக்குப் போகும். புகார் கொடுக்கலாம். ஆனால் அந்தப் புகார்களை விசாரிக்க இருந்த குடியுரிமைப் பிரிவை ரீகன் அரசு 1983இலேயே கலைத்துவிட்டிருந்தது. புகார்களை வாங்கும் கை மட்டும் இருந்தது. படிக்கும் கண் இல்லை.

1997 ஆகஸ்டில் தொடுக்கப்பட்ட ‘பிக்ஃபோர்டு எதிர் கிளிக்மன்’ வழக்கில் அந்த அறிக்கை விவசாயிகளின் கைக்கு வந்த ஆயுதம். அரசே தன் கைப்பட எழுதிய ஒப்புதலை அரசு வழக்கறிஞரால் எளிதில் மறுக்க இயலாது. காலாவதிச் சட்டம் குறுக்கே நின்றபோது 1998இல் நாடாளுமன்றம் அந்தத் தடையைத் தளர்த்தியது. 1999 ஏப்ரலில் நீதிபதி பால் ஃபிரீட்மன் சமரசத் தீர்வுக்கு ஒப்புதல் அளித்தார். பதினைந்தாயிரத்துக்கும் மேற்பட்டோருக்கு, பெரும்பாலும் தலைக்கு 50,000 டாலர் என்ற கணக்கில், ஏறத்தாழ நூறு கோடி டாலர் கிடைத்தது. போன நிலம் திரும்பவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

அப்படியோர் அறிக்கையை எழுதும் துணிவை ஓர் அலுவலகத்துக்குக் கொடுத்த சட்டம் எது, அது 2025இல் என்ன ஆயிற்று என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். முதலில் ஒரு சொல்விளக்கம். நம் ஊரில் ‘இன்ஸ்பெக்டர் ஜெனரல்’ என்றால் காவல்துறை ஐ.ஜி.தான் நினைவுக்கு வருவார். அமெரிக்கக் கூட்டாட்சி அரசில் அந்தப் பெயர் வேறொரு பதவியைக் குறிக்கிறது. ஒவ்வோர் அமைச்சகத்துக்குள்ளும் அமர்ந்து, அந்த அமைச்சகத்தின் கணக்கையும் நடத்தையையும் தணிக்கை செய்து, குற்றம் கண்டால் நாடாளுமன்றத்துக்குச் சொல்ல வேண்டியவர் அவர். குழப்பத்தைத் தவிர்க்க இங்கே ‘தலைமை ஆய்வாளர்’ என்றே எழுதுகிறோம். இன்று எழுபதுக்கும் மேற்பட்ட அலுவலகங்கள் இப்படி உள்ளன. பெரிய அமைச்சகங்களுக்குக் குடியரசுத் தலைவர் நியமித்துச் செனட் ஒப்புதல் தருகிறது. சிறிய முகமைகளில் முகமையின் தலைமையே நியமிக்கிறது.

இந்தப் பதவிக்கும் வேளாண் அமைச்சகத்துக்கும் பழைய தொடர்பு உண்டு. 1962இல் டெக்சாஸைச் சேர்ந்த பில்லி சோல் எஸ்டெஸ் என்ற வணிகரின் பருத்தி ஒதுக்கீட்டு ஊழல் வெடித்தபோது, அமைச்சர் ஆர்வில் ஃப்ரீமன் தம் அதிகாரத்தைக் கொண்டு அங்கே ஒரு தலைமை ஆய்வாளரை அமர்த்தினார். சட்டத்தின் துணை அதற்கு இல்லை. 1974இல் வேறோர் அமைச்சர், எர்ல் பட்ஸ், அதை ஒரு நிர்வாக ஆணையால் கலைத்தார். அமைச்சரின் விருப்பத்தில் பிறந்த கண்காணிப்பு அமைச்சரின் விருப்பத்தில் முடியும் என்பதை நாடாளுமன்றம் அங்கே கண்டுகொண்டது. 1976இல் சுகாதார, கல்வி, நல அமைச்சகத்துக்குச் சட்டப்படியான தலைமை ஆய்வாளர் வந்தார். 1978 அக்டோபர் 12 அன்று பன்னிரண்டு அமைச்சகங்களையும் முகமைகளையும் உள்ளடக்கிய தலைமை ஆய்வாளர் சட்டத்தில் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்டார். அவருடைய நீதி அமைச்சகமே அதற்கு முந்தைய ஆண்டு இந்த ஏற்பாட்டை எதிர்த்திருந்தது. ஒரே அதிகாரி அமைச்சருக்கும் நாடாளுமன்றத்துக்கும் பதில் சொல்வது அதிகாரப் பிரிவினைக்கு முரண் என்பது அதன் வாதம். அந்த அமைச்சகம் சட்டத்தின் வரம்புக்குள் வர மேலும் பத்தாண்டுகள், 1988 வரை, ஆயிற்று.

சட்டத்தின் உட்பிரிவுகளைச் சற்று நின்று படிப்பது பயன் தரும். கட்சிச் சார்பு பாராமல், நேர்மையையும் தணிக்கை, சட்டம், விசாரணை போன்ற துறைகளில் மெய்ப்பிக்கப்பட்ட திறமையையும் மட்டுமே கொண்டு தலைமை ஆய்வாளர் தேர்ந்தெடுக்கப்பட வேண்டும். அவர் அமைச்சரின் பொதுவான மேற்பார்வையில் இருப்பார். ஆயினும் ஒரு தணிக்கையையோ விசாரணையையோ தொடங்குவதையும் நடத்துவதையும் முடிப்பதையும் அமைச்சர் தடுக்கக் கூடாது. அமைச்சகத்தின் எல்லா ஆவணங்களும் அவருக்குத் திறந்திருக்க வேண்டும். வெளியாரிடமிருந்து ஆவணங்களைப் பெற அழைப்பாணை பிறப்பிக்கலாம். புகார் கொடுத்த ஊழியரின் பெயரை, தவிர்க்க இயலாத நிலை தவிர, அவருடைய ஒப்புதல் இன்றி வெளியிடக் கூடாது.

இச்சட்டத்தில் எங்களை மிகவும் ஈர்ப்பது நாள் கணக்கு. ஆண்டுக்கு இருமுறை, ஏப்ரல் 30க்குள்ளும் அக்டோபர் 31க்குள்ளும், தலைமை ஆய்வாளர் அமைச்சரிடம் அறிக்கை தர வேண்டும். அமைச்சர் முப்பது நாள்களுக்குள் அதை நாடாளுமன்றத்துக்கு அனுப்ப வேண்டும். தம் கருத்தை இணைக்கலாம். அறிக்கையின் ஒரு வரியையும் மாற்ற முடியாது. மிகக் கடுமையான முறைகேடு கண்ணில் பட்டால் அரையாண்டு வரை காத்திருக்க வேண்டியதில்லை. உடனே எழுதலாம், அந்தக் கடிதத்தை அமைச்சர் ஏழு நாள்களுக்குள் நாடாளுமன்றத்திடம் சேர்க்க வேண்டும். அங்கே இதை ‘ஏழு நாள் கடிதம்’ என்றே அழைக்கிறார்கள்.

நம் அரசமைப்புச் சட்டத்தின் 338ஆம் உறுப்பை இதனருகே வைத்துப் பாருங்கள். தேசியப் பட்டியல் சாதியினர் ஆணையம் குடியரசுத் தலைவருக்கு அறிக்கை தர வேண்டும். குடியரசுத் தலைவர் அதை, எடுத்த நடவடிக்கை பற்றிய குறிப்போடும் பரிந்துரையை ஏற்காததற்கான காரணத்தோடும், நாடாளுமன்றத்தின் ஈரவைகளிலும் வைக்கச் செய்ய வேண்டும் என்று 338(6) கூறுகிறது. எத்தனை நாள்களுக்குள்? அந்த உட்பிரிவில் எண் எதுவும் இல்லை. வன்கொடுமைத் தடுப்பு விதிகள், 1995இல் எண் உண்டு: 16ஆம் விதிப்படி மாநில அளவிலான கண்காணிப்புக் குழு ஜனவரியிலும் ஜூலையிலும் கூட வேண்டும், 17ஆம் விதிப்படி மாவட்டக் குழு மூன்று மாதத்துக்கு ஒருமுறை. ஆனால் மாநிலக் குழுவின் தலைவர் முதலமைச்சர், மாவட்டக் குழுவின் தலைவர் மாவட்ட ஆட்சியர். எந்த நிர்வாகத்தின் செயலின்மையைக் கேள்வி கேட்க வேண்டுமோ அந்த நிர்வாகத்தின் தலைவரே நாற்காலியில் அமர்ந்து கேள்வியையும் கேட்க வேண்டும், பதிலையும் சொல்ல வேண்டும். கூட்டம் கூட்டப்படாவிட்டால் என்ன விளைவு என்று விதி பேசவில்லை.

ஆகவே அமெரிக்கச் சட்டத்தைப் படிக்கும் நம் வழக்கறிஞர் எவருக்கும் சற்றுப் பொறாமை எழுவது இயல்பு. எங்களுக்கும் எழுந்தது. அதே சட்டத்தில் பதவி நீக்கம் பற்றிய பகுதியைப் படித்ததும் அது தணிந்தது.

1978இன் சட்டம் குடியரசுத் தலைவர் தலைமை ஆய்வாளரை நீக்கலாம் என்றது. எதற்காக நீக்கலாம் என்று வரம்பு விதிக்கவில்லை. காரணத்தை ஈரவைகளுக்கும் தெரிவிக்க வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை. 1981 ஜனவரியில் பதவியேற்றவுடன் ரீகன் அப்போதிருந்த தலைமை ஆய்வாளர்கள் அனைவரையும் நீக்கினார். எதிர்ப்பு எழுந்தபின் சிலரைத் திரும்ப அமர்த்தினார். அதன்பின் ஆட்சி மாறினாலும் இவர்கள் மாறுவதில்லை என்பது ஒரு மரபாக நிலைத்தது. மரபு சட்டம் ஆகாது என்பதை உணர்ந்து 2008இல் திருத்தம் கொண்டுவந்தனர். நீக்குவதற்கு முப்பது நாள் முன்பாகவே காரணத்தை எழுத்தில் நாடாளுமன்றத்துக்குத் தர வேண்டும் என்றாயிற்று. அடுத்த ஆண்டே ஜெரால்டு வால்பின் என்பவரை நீக்கிய ஒபாமா, அவர்மீது தமக்கு முழு நம்பிக்கை இல்லை என்று மட்டும் எழுதினார். திருத்தத்தை முன்மொழிந்தவர்களுள் ஒருவரான, அவருடைய கட்சியைச் சேர்ந்த செனட் உறுப்பினர் கிளேர் மெக்காஸ்கிலே இது காரணம் ஆகாது என்றார். வால்பின் வழக்குத் தொடுத்துத் தோற்றார். 2020 ஏப்ரலில் உளவு அமைப்புகளின் தலைமை ஆய்வாளர் மைக்கேல் அட்கின்சனையும் மே மாதம் வெளியுறவு அமைச்சகத்தின் ஸ்டீவ் லினிக்கையும் நீக்கியபோது டிரம்ப் கையாண்டதும் அதே ‘நம்பிக்கை’ வாசகம்தான். ஒரு கட்சி திறந்த சந்து மற்றொரு கட்சிக்குச் சாலையாயிற்று.

2022 டிசம்பரில் மேலும் ஒரு பூட்டு போடப்பட்டது. இனிப் பொதுவான சொற்கள் போதா. அந்தந்த நபரைப் பற்றிய விரிவான, உறுதியான காரணம் தரப்பட வேண்டும். முப்பது நாள் காலத்தில், தக்க காரணமின்றி அவரைக் கட்டாய விடுப்பில் அனுப்பக் கூடாது. காலியான நாற்காலியில் தற்காலிகமாக அமர்பவர் தலைமை ஆய்வாளர் அலுவலகங்களிலிருந்தே வர வேண்டும். ஆனால் நீக்குவதற்கான காரணத்துக்கு அப்போதும் எல்லை வகுக்கப்படவில்லை. நீக்கும் அதிகாரத்தில் அதற்கு மேல் கைவைத்தால் உச்ச நீதிமன்றத்தில் நிற்காது என்ற அச்சம் இதன் பின்னணியில் இருந்தது. 2020இல் செய்லா லா வழக்கில் அந்த நீதிமன்றம், ஒற்றைத் தலைவர் கொண்ட நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு முகமையின் தலைவரைக் காரணமின்றி நீக்கக் கூடாது என்ற சட்டப் பாதுகாப்பைச் செல்லாது என்று அறிவித்திருந்தது.

2025 ஜனவரி 24, வெள்ளிக்கிழமை இரவு. டிரம்ப் இரண்டாம் முறை பதவியேற்று நான்கு நாள்களே ஆகியிருந்தன. ஏறத்தாழ பதினேழு தலைமை ஆய்வாளர்களுக்கு இரண்டு வாக்கியங்களில் மின்னஞ்சல் வந்தது. முன்னுரிமைகள் மாறுகின்றன, உங்கள் பணி முடிந்தது. முப்பது நாள் இல்லை. நாடாளுமன்றத்துக்கு அறிவிப்பு இல்லை. ஒவ்வொருவருக்கும் தனிக் காரணமும் இல்லை. நீக்கப்பட்டவர்களுள் ஒருவர் வேளாண் அமைச்சகத்தின் ஃபில்லிஸ் ஃபாங். 2002 முதல் நான்கு குடியரசுத் தலைவர்களின் ஆட்சியில் அந்த நாற்காலியில் இருந்தவர். சட்டப்படி இந்த நீக்கம் செல்லாது என்பது அவர் எடுத்த நிலை.

ஒரு முரணையும் சொல்லியாக வேண்டும். உள்நாட்டுப் பாதுகாப்பு அமைச்சகத்தின் தலைமை ஆய்வாளர்மீது, தலைமை ஆய்வாளர்களின் கூட்டமைப்பைச் சேர்ந்த நேர்மைக் குழுவே 2024இல் அதிகார முறைகேட்டுக் குற்றம் கண்டு அறிக்கை தந்திருந்தது. அவர் அதை மறுத்தார். ஜனவரி 24இன் பட்டியலில் அவர் பெயர் இல்லை. குடியேற்றத் தடுப்பு மையங்களில் அடைபட்டிருப்போரின் புகார்கள் வந்து சேரும் அலுவலகங்களுள் அவருடையதும் ஒன்று.

பிப்ரவரி 10 அன்று வெளிநாட்டு உதவி முகமையின் தலைமை ஆய்வாளர் அலுவலகம் ஓர் அறிக்கை வெளியிட்டது. உதவி நிறுத்தத்தால் 48.9 கோடி டாலர் மதிப்புள்ள உணவுப் பொருள்கள் துறைமுகங்களிலும் கிடங்குகளிலும் வழியிலும் கெட்டுப்போகும் நிலையில் உள்ளன என்றது அது. மறுநாள் அதன் தலைவர் பால் மார்ட்டின் நீக்கப்பட்டார். இந்த நேரக் கணக்கைப் பற்றி நாங்கள் எதையும் கூட்டிச் சொல்ல வேண்டியதில்லை.

எட்டுப் பேர் நீதிமன்றம் சென்றனர். வாஷிங்டன் மாவட்ட நீதிபதி ஆனா ரெய்ஸ் 2025 செப்டம்பர் 24 அன்று தீர்ப்பளித்தார். சட்டம் மீறப்பட்டது என்பதில் அவருக்கு ஐயம் இருக்கவில்லை. ஆயினும் எட்டுப் பேரையும் உடனே பணியில் அமர்த்த மறுத்தார். காரணம் எளியது, எளியது என்பதாலேயே கொடியது. இன்று அவர்களைத் திரும்ப அமர்த்தினாலும், குடியரசுத் தலைவர் நாளையே முறையான அறிவிப்பைக் கொடுத்து முப்பதாம் நாள் மீண்டும் நீக்கிவிடலாம். ஆகவே ஈடுசெய்ய இயலாத இழப்பு நிறுவப்படவில்லை என்பது தீர்ப்பின் சாரம்.

சட்டம் படித்த எவருக்கும் உரிமையும் பரிகாரமும் இரட்டைப் பிள்ளைகள் என்று முதலாண்டிலேயே கற்பிக்கப்படும். இங்கே உரிமை உண்டு என்று நீதிமன்றமே சொல்கிறது, பரிகாரம் இல்லை. நீதிபதியைக் குறை சொல்வதில் பயனில்லை என்பது எங்கள் கருத்து. முப்பது நாள் என்ற காலம் தலைமை ஆய்வாளரைக் காக்க எழுதப்பட்டதன்று. நாடாளுமன்றம் தலையிட அவகாசம் தருவதற்காக எழுதப்பட்டது. நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் ஆளும் கட்சியின் கையில் இருக்கும்போது, அந்த அவகாசத்தைப் பயன்படுத்த எவரும் முன்வராவிட்டால், முப்பது நாளும் மூன்று நாளும் ஒன்றுதான். கட்சிச் சார்பு கூடாது என்ற உட்பிரிவின் கதியும் இதுவே. தொழிலாளர் அமைச்சகத்தின் காலியிடத்துக்கு முன்மொழியப்பட்ட அந்தோணி டி’எஸ்போசிட்டோ, அதற்குச் சில மாதங்கள் முன்புவரை குடியரசுக் கட்சியின் பிரதிநிதிகள் சபை உறுப்பினர். அதைத் தடுக்கச் செனட்டின் வாக்கெடுப்பைத் தவிர வேறு வழியைச் சட்டம் வைக்கவில்லை.

இவ்வளவும் வாஷிங்டனின் உயர் அதிகாரிகளின் வேலைப் பிரச்சினைதானே என்று கேட்போர் இருக்கக்கூடும். 2001 செப்டம்பர் 11க்குப் பின் குடியேற்ற விதிமீறலின் பெயரால் அமெரிக்கா 762 பேரைப் பிடித்துச் சிறையில் வைத்தது. பெரும்பாலோர் முஸ்லிம்கள், தெற்காசியர்களும் அரபு நாட்டவரும். அப்போது இயற்றப்பட்ட பேட்ரியாட் சட்டத்தின் 1001ஆம் பிரிவு, குடியுரிமை மீறல் புகார்களை வாங்கி ஆராயும் கடமையை நீதி அமைச்சகத் தலைமை ஆய்வாளர்மீது சுமத்தியிருந்தது. கிளென் ஃபைன் தலைமையிலான அந்த அலுவலகம் 2003இல் வெளியிட்ட அறிக்கைகளில்தான் புரூக்ளின் சிறைக்குள் நடந்தவை வெளிவந்தன. கைதிகளைச் சுவரில் மோதியது, இழிசொல்லால் ஏசியது, வழக்கறிஞரோடு பேசுவதை ஒலிப்பதிவு செய்தது. ஒளிநாடாக்கள் அழிக்கப்பட்டன என்று சிறை அதிகாரிகள் கூறியிருந்தனர். ஆய்வாளர்கள் தேடிப்போய் முந்நூறுக்கும் மேற்பட்ட நாடாக்களைக் கைப்பற்றினர். அடைபட்டவர்களுக்கு அப்போது வேறு யார் இருந்தார்கள்? அவர்கள் இழப்பீடு கேட்டுத் தொடுத்த வழக்கின் வழியைப் பதினான்கு ஆண்டுகளுக்குப் பின் உச்ச நீதிமன்றம் பெருமளவு அடைத்தது என்பது வேறு கதை. தலைமை ஆய்வாளரால் தண்டிக்க முடியாது, பரிந்துரைக்கத்தான் முடியும். ஆனால் நடந்தது நடந்தது என்று அரசின் முத்திரையோடு ஒரு தாளில் இருப்பது, எதுவுமற்றவர்களுக்கு எவ்வளவு பெரியது என்பதைக் கீழ்வெண்மணி முதல் வேங்கைவயல் வரை வழக்குகளைப் பின்தொடரும் நாம் அறிவோம்.

2025 அக்டோபரில், தலைமை ஆய்வாளர்களின் கூட்டமைப்புக்கான நிதியை வெள்ளை மாளிகையின் வரவுசெலவு அலுவலகம் நிறுத்தியது. அவர்களுடைய அறிக்கைகளை ஒருங்கே தொகுத்து வைத்திருந்த பொது இணையதளம் சில காலம் முடங்கியது. ஆளை நீக்குவதற்காவது சட்டத்தில் ஓர் அறிவிப்பு தேவைப்பட்டது. பணத்தை நிறுத்த அதுவும் தேவைப்படவில்லை.

நம் ஆணையங்களுக்குச் சட்டத் திருத்தம் கோரும் வரைவுகளில், அறிக்கையை அவையில் வைக்கக் கால வரம்பு வேண்டும் என்று நாங்களும் பலமுறை எழுதியிருக்கிறோம். இப்போது அந்த வரைவுகளை எடுத்துத் திருத்தி வருகிறோம். கால வரம்போடு மூன்று வரிகள் கூடுதலாகச் சேர்கின்றன. குறித்த நாளுக்குள் அரசு அவையில் வைக்காவிட்டால் ஆணையமே அறிக்கையை நேரடியாக வெளியிடலாம். உரிய முறைப்படி அல்லாத நீக்க ஆணை தொடக்கம் முதலே செல்லாது. நீதிமன்றம் முடிவு செய்யும்வரை உறுப்பினர் பதவியில் நீடிப்பார். ஆணையத்தின் நிதி, நீதிபதிகளின் ஊதியத்தைப் போல, அமைச்சகத்தின் கையசைவில் நிற்காத கணக்கிலிருந்து வர வேண்டும். மூன்றாவது வரியின் சொற்களைப் பற்றி எங்களுக்குள் இன்னும் கருத்து வேறுபாடு இருக்கிறது.